பெட்டியைப் போடுமுன்னும் நிறுத்திய பின்னும்



எங்கள் ஊவா மலைத் தோட்டங்களிலே "ரேடியோவைப் போடு" என்று சொல்வார்கள். கேட்டு முடிந்ததும் "நிற்பாட்டு" என்பார்கள். இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட நேரத்திலே செய்தி வருகிறது, பாட்டு வருகிறது, நாடகம் வருகிறது. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால் போடுகின்ற அந்த ஒரு கணத்திலும், நிறுத்துகின்ற அந்த ஒரு கணத்திலும் பெட்டிக்குள்ளும் வீட்டுச் சுவருக்குள்ளும் நடைபெறுவது யாது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அச்சிறிய கணங்களைப் பற்றியே இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகின்றேன்.

நான் மின்னியல் கற்றவன் அல்லன். கலைகளைப் பயின்று, பதுளைப் பகுதியில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராகக் கடமையாற்றுபவன். பாடசாலை அதிபருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கின்றது. தோட்டத்திலே காலைப் பெரட்டுக்குத் தாயும் தந்தையும் சென்றுவிடுகின்றனர். கொழுந்து நிறுத்து முடித்து அவர்கள் வீடு திரும்பும் வரையில் லயத்திலே இருப்போர் முதியோரும் சிறுவருமே. பாடசாலை விட்டு வந்த பிள்ளை, புத்தகப் பையை வைத்தவுடன் முதலிலே கை வைப்பது எதில்? பெரும்பாலும் பெட்டியின் ஆளியில்தான். ஆகவே, அந்தக் கைக்கு முறை கற்பித்தல், எழுத்தும் எண்ணும் கற்பிப்பதைப் போலவே ஆசிரியரின் கடமை என்று கருதுகின்றேன்.

இலங்கையில் வானொலி பழமை வாய்ந்தது. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அது ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. ஆனால் ஒலி மலைக்கு வந்த அளவிற்கு மின்சாரம் லயத்துக்கு வந்துவிடவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடைநீரால் சுழலும் சக்கரம் மின்விசை கொடுத்த காலத்திலும், அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்தவர்களின் காம்பராக்களிலே மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. பெரிய வீடுகளில் வால்வுப் பெட்டிகள் இருந்தன. 1947இன் இறுதியில் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கொண்டு செய்யப்பட்ட சிறு வானொலிகள் 1954 முதல் உலகச் சந்தைக்கு வரத் தொடங்கின. உலர் மின்கலத்திலே பாடும் அந்தச் சிறு பெட்டிகள் பின்னர் மலையேறி வந்தபோதுதான் ஏழையின் திண்ணையிலும் பாட்டுக் கேட்டது.

இன்று நிலைமை வேறு. லயங்களிலே மின்விளக்கு எரிகின்றது. வானொலியோடு தொலைக்காட்சி, ஒலித்தட்டுப் பெட்டி, விரியலாக்கி எனப்படும் ஆம்பிளிபையர், இடுப்பளவு உயரமான ஒலிபெருக்கிகள் யாவும் பத்தடிக் காம்பராவுக்குள் வந்து அமர்ந்துவிட்டன. எங்கள் மாகாணத்து மலைகளுக்குள்ளேயே, கரந்தகொல்லையில், 2024 ஏப்ரலிலே தொடங்கிவைக்கப்பட்ட உமா ஓயா நிலத்தடி மின்நிலையம் 120 மெகாவாட் மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றல் உடையது. மின்சாரம் எங்கள் வாசலுக்கு வந்தது மகிழ்ச்சியே. ஆயின் விருந்தாளி பலசாலியாக இருந்தால், அவரோடு பழகும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

லயத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரே நீண்ட கூரை. அதன் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி அதே எண்ணிக்கையான குடும்பங்கள் மறுபுறத்திலும் வாழ்கின்றன. கூரையைத் தாங்கும் மரங்கள் பழையவை, புகைபிடித்து உலர்ந்தவை. ஒரு காம்பராவிலே வயர் உருகித் தீப்பற்றினால், அது பக்கத்து வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை. கூரை வழியே சென்றுவிடுகிறது. மலைநாட்டிலே லயங்கள் எரிந்து, உடுத்த துணியோடு குடும்பங்கள் வெளியே நின்ற செய்திகளைப் பலமுறை நாம் கேட்டிருக்கின்றோம். தனி வீட்டில் இருப்பவர் தம் வீட்டைக் காத்தாற் போதும். லயத்தில் இருப்பவரோ, தம் ஆளியைச் சரியாகப் பயன்படுத்துவதனால் பன்னிரண்டு வீடுகளைக் காக்கின்றார். ஆதலால் இது ஒருவர் வீட்டுக் காரியம் அன்று, ஊர்க் காரியம்.

இனி முறைக்கு வருவோம். முதலிலே சுவரைப் பார்ப்போம். பின்னர் பெட்டியைப் பார்ப்போம்.

சுவரிலே இருக்கும் குதை, அதாவது பிளக்கைச் செருகும் துளைப்பலகை, நம் நாட்டிலே பலவகையாக இருந்தது. உருண்டைக் கால்களை உடைய 5 அம்பியர், 15 அம்பியர் வகைகள் பழைய வீடுகளில் இன்றும் உண்டு. தட்டையான மூன்று கால்களை உடைய 13 அம்பியர் வகையே இப்போது நாட்டின் ஒரே நியம வகையாக ஏற்கப்பட்டுள்ளது. இந்தக் கலப்பினாலே ஒரு தீய பழக்கம் பரவிற்று. இரண்டு கால் பிளக்கை மூன்று துளைக் குதையிலே செருகுவதற்காக, மேலுள்ள துளையில் பேனாவையோ ஈர்க்குச்சியையோ நுழைத்து மூடியைத் திறக்கின்றனர். இன்னும் சிலர் வயரின் நுனியைச் சீவி, செம்பைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகின்றனர். அந்த மூடி அங்கே வைக்கப்பட்டதே குழந்தையின் விரலும் கம்பியும் உள்ளே போகாதிருக்கத்தான். காவற்காரனை நாமே கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனைக் குறைகூறலாமா? பொருத்தமான இணைப்பியைக் கடையிலே வாங்குவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மூன்றாவது கால் எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. அது புவித்தொடுப்புக்குரியது. உலோக உடலை உடைய விரியலாக்கியிலே, உள்ளே ஒரு வயர் அறுந்து உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் நம்முடைய கை வழியாக அன்றி மண் வழியாகப் போகவேண்டும் என்பதற்காகவே மூன்றாவது கால் வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை வெட்டிவிடுவது உயிர்க்கயிற்றை வெட்டுவதற்கு ஒப்பாகும். சில சிறு பெட்டிகள் இரண்டு காலோடே செய்யப்படுகின்றன என்பது மெய்தான். அவற்றின் பின்புறத்திலே ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் பொறிக்கப்பட்டிருக்கும். காவலீடு இருமடங்காகச் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். அக்குறி இல்லாத உலோகப் பெட்டிக்கு மூன்றாம் கால் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது பாரம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் 230 வோற்று. இதனை அம்பியரால் பெருக்கினால் வாற்று கிடைக்கும். 5 அம்பியர் வயரும் குதையும் தாங்கக்கூடியது 1150 வாற்று. பாட்டுப் பெட்டி தனியே இருந்தால் இதனால் தொல்லை இல்லை. ஆனால் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் குளிர்காலத்திலே நாம் செய்வது என்ன? தொலைக்காட்சியும் பாட்டுப் பெட்டியும் செருகியிருக்கும் அதே பலவழிக் குதையிலே, தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கேத்தலையும் செருகுகின்றோம். கேத்தல் ஒன்று 2000 வாற்றாயின், அது தனியாகவே ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியருக்கான மெல்லிய வயர் அதைச் சுமக்கும்போது சூடேறுகிறது. ஒரு நாளிலே எரிந்துவிடுவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக மேலுறை கருகி, இறுகி, வெடித்து, ஒருநாள் இரண்டு செம்புக் கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. எனவே, பிளக்கைத் தொட்டுப் பார்க்கையிலே அது கையைச் சுட்டால், அல்லது கருகிய நாற்றம் வந்தால், அதுவே அபாய மணி என்று கொள்ளுங்கள். வயரைப் பாய்க்குக் கீழே மறைக்காதீர்கள்; கதவிடுக்கிலே நசுக்காதீர்கள்; ஆணியிலே சுற்றித் தொங்கவிடாதீர்கள்; எலி கடித்த இடத்தைச் சாதாரணப் பிசின் தாளால் ஒட்டாதீர்கள்.

இப்போது பெட்டியைப் போடுவோம். முதலில் கைகள் உலர்ந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்திலே மழையில் நனைந்து வந்த பிள்ளை, தலையைத் துவட்டுமுன்னரே பெட்டியைத் தேடுவது வழக்கம். ஈரக்கையும் ஈரத்தரையும் மின்சாரத்துக்குத் திறந்த வாசல்கள். பெட்டியின் மேல் தேநீர்க் கோப்பையோ பூச்சாடியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்புறத்திலுள்ள காற்றுத்துளைகளைத் திரைச்சீலையோ துணிமூட்டையோ மூடியிருந்தால் விலக்குங்கள். பிறகு, ஒலிக் குமிழை முழுவதும் குறைத்து வையுங்கள். சுவரின் ஆளி மூடியிருக்கும்போதே பிளக்கைச் செருகி, அதன்பின் சுவர் ஆளியைப் போட்டு, கடைசியிலே பெட்டியின் ஆளியைப் போடுங்கள். பெட்டியைப் போட்ட நிலையில் பிளக்கைச் செருகினால், கால்கள் குதையைத் தொடும்போதே தீப்பொறி பறக்கும். அப்பொறி நாளடைவில் குதையின் பித்தளை நாக்குகளைத் தின்றுவிடும். நாக்கு தளர்ந்த குதை சூடேறும். சூடேறிய குதையிலே மேலும் தளர்ச்சி வரும்.

வீட்டிலே ஒரே பெட்டி இருந்தால் இவ்வளவே போதும். ஆனால் ஒலித்தட்டுப் பெட்டி வேறு, விரியலாக்கி வேறு, ஒலிபெருக்கி வேறு என்று தனித்தனியாக இருந்தால், எதை முன் போடுவது, எதைப் பின் போடுவது என்ற வரிசை உண்டு. பாடுகின்ற பெட்டியை முதலிற் போடவேண்டும். உரக்கச் செய்கின்ற விரியலாக்கியைக் கடைசியிற் போடவேண்டும். நிறுத்தும்போது இந்த வரிசை தலைகீழாகும்: விரியலாக்கியை முதலில் நிறுத்தி, பாடும் பெட்டியைப் பிறகு நிறுத்தவேண்டும். கடைசியில் வந்தவர் முதலிலே போகவேண்டும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பேன், அவர்கள் மறப்பதில்லை.

ஏன் இந்த வரிசை? எந்தப் பெட்டியும் உயிர் பெறும் கணத்திலும் உயிர் இழக்கும் கணத்திலும் அதன் வெளிவாயிலிலே மின்னழுத்தம் ஒருமுறை துள்ளுகிறது. அந்தத் துள்ளல் தன்னளவில் மிகச் சிறியது. ஆனால் விரியலாக்கி ஏற்கெனவே விழித்துக்கொண்டிருந்தால், அதற்கு இது பாட்டு, இது துள்ளல் என்ற வேறுபாடு தெரியாது. சிறியதைப் பெரிதாக்குவதே அதன் தொழில். ஆகவே அத்துள்ளலையும் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறது. "டம்" என்று வீடு அதிரும் ஓசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்போது ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு தன் எல்லைக்கு மேல் உந்தப்படுகிறது. அதனோடு ஒட்டிய மெல்லிய கம்பிச்சுருள் இடம் பெயரவோ அறுந்துபோகவோ இடமுண்டு. விரியலாக்கி கடைசியில் விழித்து முதலில் உறங்கினால், மற்றப் பெட்டிகளின் துள்ளல் அதன் காதிலே விழுவதேயில்லை. இதே காரணத்தால், ஒலிபெருக்கியின் வயரைப் பொருத்துவதும் கழற்றுவதும் விரியலாக்கி நின்றிருக்கும் வேளையிலேதான் நடைபெறவேண்டும்.

நிறுத்திய உடனே மறுபடியும் போடுவதும் நல்லதன்று. பெட்டிக்குள்ளே கொள்ளளவி என்ற உறுப்பு இருக்கின்றது. நீர்த்தொட்டி நீரைத் தேக்குவதுபோல் அது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும். ஆளியைப் போடும்போது வெறுமையான தொட்டிக்குள் மின்சாரம் பாய்ந்து வருகின்றது. அப்பாய்ச்சலைத் தணிக்கப் பல பெட்டிகளில் ஒரு சிறு தடை வைத்திருக்கிறார்கள். அது குளிர்ந்திருந்தால்தான் தணிக்கும், சூடாக இருந்தால் தணிக்காது. ஆகையால் நிறுத்தியபின் அரை நிமிடமேனும் பொறுத்துப் போடுக. பிள்ளைகள் விளையாட்டாக ஆளியைத் தட்டித் தட்டிப் போடுவதையும் தடுத்துவிடுங்கள். இன்னொன்று: பிளக்கைக் கழற்றிய பின்னும் அத்தொட்டியிலே மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பழைய வால்வுப் பெட்டிகளில் அது சில நூறு வோற்று அளவிலும் இருக்கும். ஆதலால், பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் பெட்டியின் முதுகைத் திறந்து கைவிடுதல் கூடாது. பாட்டனார் காலத்து வால்வுப் பெட்டி பரணில் இருந்தால், ஆசையினால் நேரே மின்சாரத்திற் செருகாமல், தேர்ந்த திருத்துநரிடம் காட்டிய பிறகே போடுங்கள். நெடுநாள் உறங்கிய கொள்ளளவிகள் திடீரென விழிக்கும்போது வெடிப்பதுண்டு.

நிறுத்துதலைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. கையடக்கக் கருவியினால் நிறுத்தி, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், பெட்டி நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறது என்பதே பொருள். உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுவர் ஆளியை மூடினால் அது நிற்கும். ஆனால் சுவர் ஆளி வெட்டுவது ஒரு வயரை மட்டுமே. வயரிங் செய்தவர் இரண்டையும் மாற்றிப் பொருத்தியிருந்தால், ஆளி மூடியிருக்கும்போதும் பெட்டி உயிருள்ள வயரோடே தொடர்புற்றிருக்கும். ஆகவே இரவு உறங்கப் போகுமுன்னும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கோ ஊருக்கோ போகுமுன்னும், பிளக்கையே கழற்றி வைப்பதே முழுமையான நிறுத்தம். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள்.

மின்வெட்டுக் காலம் வேறொரு சோதனை. 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் அனைவரும் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு பட்டதே அதற்குக் காரணம் என்று அமைச்சர் அறிவித்தபோது பலரும் சிரித்தனர். சிரிப்பு ஒருபுறம் இருக்க, மின்சாரம் போவதைக் காட்டிலும் திரும்பி வருவதே பெட்டிகளுக்கு ஆபத்தானது. வந்தவுடன் எல்லா வீட்டுக் குளிர்பெட்டிகளும் மோட்டார்களும் ஒருங்கே இழுக்கும். மின்னழுத்தம் தாழ்ந்து எழுந்து தள்ளாடும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவனின் வீட்டிலே இப்படி நடந்தது. தாய் தீபாவளி முற்பணத்தோடு கையிருப்பையும் சேர்த்துத் தவணை முறையில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருந்தார். மின்சாரம் போன வேளையில் பெட்டி போட்டபடியே விடப்பட்டது. பிற்பகலில் மின்சாரம் வந்தபோது வீட்டிலே பாட்டியும் ஐந்து வயதுப் பேத்தியும் மட்டுமே இருந்தனர். முதலில் பெரும் ஓசை, பிறகு புகை. அண்டை வீட்டு இளைஞர் ஓடிவந்து பிரதான ஆளியை மூடியபடியால் லயம் தப்பிற்று, குழந்தையும் தப்பிற்று. ஆனால் பெட்டி போயிற்று. பாடாத பெட்டிக்கு அந்தத் தாய் இன்னும் எட்டு மாதத் தவணை கட்டினார். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியிலே பதித்த தழும்பின் விலை அது. மின்சாரம் போனவுடன் ஓர் ஆளியை மூடியிருந்தால் அந்த எட்டு மாத உழைப்பு அவரிடமே இருந்திருக்கும். ஆகையால், மின்சாரம் போனால் பெட்டியின் ஆளியையும் சுவர் ஆளியையும் மூடிப் பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள். மின்சாரம் வந்ததை அது சொல்லும். விளக்கு நிலையாகப் பத்து நிமிடம் எரிந்தபின் பெட்டியைப் போடுங்கள்.

இடிமின்னலைப் பற்றி ஊவாவில் வாழ்வோருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையிலே வெயில் தெளிவாக எறிக்கும். நண்பகல் கடந்ததும் ஈரக்காற்று மலைச்சரிவிலே ஏறி, நமுனுகுலை மலைக்கு மேல் கருமேகம் குவியும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் போடும் அதே வேளையில் இடி முழங்கும். மின்னல் நம் கூரையிலே விழவேண்டும் என்பதில்லை. தொலைவிலுள்ள மின்கம்பத்தில் விழுந்தாலும் கம்பி வழியே பாய்ந்து வீட்டுக்குள் நுழையும். "ஆளியை மூடிவிட்டேனே" என்று சிலர் சொல்வர். வானத்திலிருந்து பூமி வரைக்கும் பல கிலோமீற்றர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு, ஆளிக்குள்ளே இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி ஒரு தடையாகுமா? ஆகவே பிளக்கையே கழற்றவேண்டும். தொலைக்காட்சியின் வான்கம்பி வயரையும், தட்டு வான்கம்பியின் வயரையும், தொலைபேசி இணைப்பையும் அவ்வாறே கழற்றவேண்டும். பிளக்கை மட்டும் கழற்றி வான்கம்பியை விட்டுவைப்பது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பதாகும்.

ஆனால் இதனைச் செய்யும் நேரம் முக்கியம். இடி தலைக்கு மேல் முழங்கத் தொடங்கியபின் ஓடிப்போய் வயரைத் தொடுதல், பெட்டியைக் காக்க உயிரைக் கொடுப்பதாகும். மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கொள்ளலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வரை எண்ணமுடிந்தால், அது பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. முப்பது எண்ணுமுன் இடி கேட்டால், மின்னல் எட்டும் தொலைவுக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். இனி வயரைத் தொடாதீர்கள். எனவே மேகம் கறுக்கும்போதே, முதல் இடிக்கு முன்னரே, கழற்றிவிடுவது அறிவுடைமை. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆனபிறகே மீண்டும் செருகுங்கள். அந்த மாதங்களிலே, பெற்றோர் காலையில் மலைக்குப் போகுமுன்னரே பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவார்களாயின், பிள்ளை வயரைத் தொடவேண்டிய அவசியமே நேராது.

அப்படியானால் மழைக்காலத்திலே செய்தி கேளாதிருப்பதா என்று நீங்கள் வினவலாம். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை ஊவா மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, அதனைக் கேட்க ஒரு காது வீட்டிலே இருக்கவேண்டும். மின்சாரம் போன வேளையில் அந்தக் காது, மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலியே. மின்கம்பியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத அப்பெட்டி, இடிமின்னல் வேளையிலும் வீட்டுக்குள் வைத்துக் கேட்கத்தக்கது. பெரிய பாட்டுப் பெட்டி வாங்கும் வீடுகள் எல்லாம், அதற்கு முன் இப்படி ஒரு சிறு பெட்டியை வாங்கிவைக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கும் முறை உண்டு. கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்து மின்கலத்தைப் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். நெடுநாள் பயன்படுத்தாவிடின் மின்கலங்களைக் கழற்றிப் பக்கத்திலே ஒரு பொட்டலமாக வையுங்கள். உள்ளேயே விட்டால் அவை கசிந்து பெட்டியின் தகடுகளை அரித்துவிடும்; ஆபத்து வேளையிலே பெட்டி ஊமையாகிவிடும். மின்னேற்றம் செய்யும் இக்காலத்துச் சிறு ஒலிபெருக்கிகளைத் தலையணைக்கடியிலும் போர்வைக்குள்ளும் வைத்து ஏற்றாதீர்கள். அவற்றின் மின்கலம் சூடேறினால் தீயாகும்.

கோயில் திருவிழாவையும் இங்கே நினைவூட்டவேண்டும். மாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டாத தோட்டம் இல்லை. மின்பிறப்பாக்கி இயந்திரத்தை முதலில் ஓடவிட்டு, அதன் ஓட்டம் நிலைபெற்ற பிறகே விரியலாக்கியைப் போடவேண்டும். பூசை முடிந்ததும் விரியலாக்கியை முதலில் நிறுத்தி, அதன்பின் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். எரிபொருள் தீர்ந்து தானாக நிற்கட்டும் என்று விட்டுவிடுதல் தவறு. நிற்குமுன் அது திக்கித் திணறும்போது மின்னழுத்தமும் திணறும். ஈரத் தரையிலே வயரை ஓடவிடுவதும், தேர்க் கலசம் கம்பியில் முட்டுமா என்று பாராதிருப்பதும் திருவிழாவைத் துக்க நாளாக்கிவிடும்.

இவ்வளவு கவனத்தையும் மீறி ஏதேனும் நேர்ந்தால்? பெட்டியிலே புகை வந்தால் நீர் ஊற்றாதீர்கள். முதலிலே பிரதான ஆளியை மூடுங்கள். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால், அவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள், தொட்டவரும் அகப்படுவர். பிரதான ஆளியை மூடுங்கள். அது எட்டாவிடின், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரக்கம்பினால் வயரை விலக்குங்கள். பிறகு 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். உங்கள் வீட்டு மின்பலகையிலே ட்ரிப் சுவிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி அம்பியர் மின்சாரம் வழிதவறினாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். உருகி வயரைக் காக்கும். மனிதரைக் காப்பது இதுவே. அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிடில், காவற்காரன் உறங்குகிறான் என்று அறிந்து மாற்றிவிடுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று அதனை விலக்கி நேரடியாக வயரைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது அடிக்கடி விழுவதே, எங்கோ கசிவு இருக்கிறது என்று அறிவிப்பதற்காகத்தான். ஓயாது குரைக்கிறது என்று நாயை அடித்து ஓட்டுமுன், யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று பார்க்கவேண்டாமா?

இவையெல்லாம் பெரிய கல்வியும் பெரும் பொருளும் வேண்டும் காரியங்கள் அல்ல. உலர்ந்த கை, குறைத்த குமிழ், சரியான வரிசை, கழற்றிய பிளக்கு என்னும் நான்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆயின் சில காரியங்கள் வீட்டாரால் மட்டும் ஆகா. லயத்தின் பழைய வயரிங்கைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிப்பிப்பதும், ஒரே மானியிலிருந்து நான்கு காம்பராக்களுக்கு வயர் இழுத்துக்கொடுக்கும் நிலையை மாற்றுவதும் தோட்ட நிருவாகமும் சங்கங்களும் சேர்ந்து செய்யவேண்டியவை. தொழிலாளர் வீட்டிலே பாட்டுப் பெட்டி இருப்பது ஆடம்பரம் என்று கருதும் காலம் போய்விட்டது. நாள் முழுதும் சரிவிலே நின்று உழைத்தவருக்கு அந்தியிலே ஒரு பாட்டுக் கேட்க உரிமை உண்டு. அந்தப் பாட்டை அச்சமின்றிக் கேட்கவும் உரிமை உண்டு.

நேயர்களே, என்னுடைய பேச்சு முடிகின்றது. அடுத்த நிகழ்ச்சியையும் கேட்டுவிட்டு நீங்கள் பெட்டியை நிறுத்தப்போகின்றீர்கள். அப்போது, அருகிலே இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒலியைக் குறைத்து, பெட்டியை நிறுத்தி, சுவர் ஆளியை மூடி, பிளக்கைப் பிடித்துக் கழற்றும் முறையை ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுங்கள். பின்னர் அந்தப் பிள்ளையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நாளை நீங்கள் மலையிலே நிற்கும்போது, வீட்டிலே அந்தக் கை தானாகவே சரியாகச் செய்யும்.